குரலுக்குக் கிடைச்ச அறை

"ஓறைட், கவ்னர்? ஓறைட், மேட்?"

குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு குகதாசன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியில துவாயோட காத்து நிண்ட அறைக்கூட்டாளி எட்வேட்டுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"டேய், எக்கவுண்டன்சி படிக்க வந்தனியோ, மீன் சந்தையில கூவ வந்தனியோ? கொப்பர் இங்கிலிஷ் வாத்தியார். இதைக் கேட்டாரெண்டால் நெஞ்சு வெடிச்சுப் போவார்!"

"அப்பான்ர இங்கிலிஷுக்கு லண்டனில ஒருத்தனும் அறை தாறானில்லை, மச்சான்."

அது உண்மைதான். தங்கச்சி தவமலர் அடுத்த கிழமை கொழும்பிலயிருந்து வந்து இறங்கிறாள். எண்பத்தாறாம் ஆண்டு. நாட்டு நிலைமைக்குப் பயந்து தகப்பன் அனுப்பிவைக்கிறார். வால்தம்ஸ்டோவில ஒரே அறைக்குள்ள நாலு பெடியள் முட்டி மோதிப் படுக்கிற இடத்துக்கு ஒரு குமர்ப்பிள்ளையைக் கூட்டிவர ஏலுமோ?

பேப்பரில விளம்பரம் பாத்து டெலிபோன் அடிப்பான். "குட் ஈவினிங் சேர், மே ஐ நோ…" எண்டு தகப்பன் படிப்பிச்ச மாதிரி மரியாதையாத் தொடங்கவே, மற்றப் பக்கத்தில அறை முடிஞ்சு போயிடும். பிறகு வகுப்பில படிக்கிற வெள்ளைக்காரப் பெடியன் ஒருத்தன் அடிச்சுக் கேட்டால் அதே அறை திரும்பக் காலியாகும். அதிசய வீடுகள்!

அதுதான், சனி ஞாயிறில வேலை செய்யிற பேக்கரியில, பாண் அடுக்கிற டொறீனிட்ட லண்டன் தெருப்பேச்சுப் பாடம் கேட்டான். அவ லண்டன் ஈஸ்ட் எண்டில பிறந்து வளர்ந்த வெள்ளைக்கார மனுசி. முதல் வேலையா அவன்ர வாயிலயிருந்த 'சேர்' எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சு, 'கவ்னர்', 'மேட்' எண்டு புகுத்தினா. 'ஹவுஸ்' இல்லை, 'அவுஸ்'. 'தாங்க் யூ' இல்லை, 'டா'. நன்றி சொல்லேக்கையும் டா போட்டுக் கதைக்கிற சனம்! எந்த வசனத்துக்கும் கடைசியில 'இன்னிட்' எண்டு ஒரு வால் கட்டவேணும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எட்வேட்டையும் இழுத்துக்கொண்டு தெருமுனை டெலிபோன் பெட்டிக்குள்ள புகுந்தான். வட லண்டன் எட்மண்டனில ஒரு அறை.

"ஓறைட், மேட்? றூம் ஸ்டில் கோயிங், இஸ் இட்?"

மற்றப் பக்கத்துக் குரலும் அசல் லண்டன் தெருக்குரல்தான். இருக்குது, நாளைக்கு வா எண்டது. அதோட விட்டுதோ? "நல்லகாலம் நீ அடிச்சாய், மேட். இந்த ஏசியன் ஆக்கள் அடிச்சு உயிரை வாங்கிறாங்கள். ஒராளுக்கெண்டு எடுத்துப் பத்துப் பேரை அடைவாங்கள். கறி மணம் சுவரை விட்டுப் போகாது" எண்டு அதே பாஷையில கொட்டித் தீத்தது.

குகதாசனுக்கு முகம் கறுத்துப்போச்சு. தங்கச்சியை நினைச்சுப் பல்லைக் கடிச்சுக்கொண்டு, "டா, மேட்" எண்டு வச்சான்.

"நாளைக்குப் போறம்," எண்டான் எட்வேட். "அறை தந்தால் என்ன, தராட்டில் என்ன, துவேசம் பிடிச்ச அந்த வெள்ளையனை முகத்துக்கு நேர நாலு கேள்வி கேக்கவேணும்."

அடுத்த நாள் எட்மண்டன் வீட்டு வாசல் மணி அடிச்சதும் கதவு திறந்தது. உள்ளயிருந்து கத்தரிக்காய் பொரிக்கிற மணம் வந்தது. வாசலில சாறமும், நெத்தி நிறைய விபூதியுமா ஒரு மனுசன்.

மனுசன் ரெண்டு பேரையும் மேல கீழ பாத்தார்.

"டெலிபோனில கதைச்சது… நீரோ தம்பி?"

"ஓம் அண்ணை. அப்ப… நீங்களோ?"

"ஐயோ, நான் வெள்ளைக்காரனெண்டெல்லோ நினைச்சு வரச் சொன்னனான்!"

"நாங்களும் அப்பிடி நினைச்சுத்தான் வந்தனாங்கள்," எண்டான் எட்வேட்.

கனகலிங்கம் எண்ட அந்த வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் போச்சு. "பிழையா நினையாதேங்கோ. வந்த புதிசில நானும் அறை தேடி நாயா அலைஞ்சனான். அப்ப பழகின பாஷைதான் இது," எண்டு இழுத்தார். தவமலர் வாற கதையைக் கேட்டதும் மனம் இளகியிட்டுது.

"குமர்ப்பிள்ளையோ? சரி, அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்குமா அறையைத் தாறன். ஆனா ஒரு கண்டிஷன். மேல இன்னும் ரெண்டு அறை காலியாக் கிடக்கு. நான் இரவு ஷிப்ட், பகலில நித்திரை கொள்ளவேணும். அறை கேட்டு வாற டெலிபோனை இனி நீர்தான் எடுக்கவேணும்."

சொல்லி வாய் மூடேல்லை, டெலிபோன் அடிச்சது. கனகலிங்கம் கண்ணைக் காட்ட, குகதாசன் எடுத்தான்.

"ஹலோ சேர், ஐ ஆம் கோலிங் ஃபோர் த றூம். மை வைஃப் அண்ட் சைல்ட்…"

சந்தேகமே இல்லை, யாழ்ப்பாணத்துக் குரல். பின்னால ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

குகதாசன் நிமிந்து பாத்தான். பக்கத்தில நிண்ட கனகலிங்கத்துக்கும் அந்தக் குரல் கேட்டுது; 'வேண்டாம்' எண்டு தலையை ஆட்டினார். எட்வேட் நிலத்தைப் பாத்தான்.

குகதாசன் கண்ணை இறுக்கி மூடினான்.

"ஸொறி, மேட். றூம்ஸ் கோன், இன்னிட்."

டெலிபோனை வச்சதும், கனகலிங்கம் அவன்ர முதுகில தட்டினார்.

"கெட்டிக்காரன்! ஒரு சொட்டும் எங்கட ஆள் எண்டு தெரியேல்லை."