ஒரு வரி விளக்கம்

"மேடம், உங்க ஆப் சொல்ற மெஷின் ரூமை மொட்டைமாடி பூரா தேடிட்டேன். தண்ணி டேங்க்குதான் கீது!"

போனில் பொன்ராஜின் குரல் மூச்சு வாங்கியது. லிஃப்ட் கம்பெனியில் டெக்னீஷியன். நீரஜா அவரை நேரில் பார்த்ததில்லை.

"பதறாதீங்க பொன்ராஜ். முதல்ல இருந்து சொல்லுங்க."

"இன்னாத்த சொல்றது? தி.நகர்ல ஏழு மாடி பில்டிங். லிஃப்டு ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கினு கீறாங்க. இந்த ஏரியா ஆளு லீவு, நான் மாம்பலத்துலேர்ந்து ஓடியாந்தேன். 'ஆளை எறக்குறதுக்கு கையேட்டைக் குடு'ன்னு ஆப்பைக் கேட்டா, மெஷின் ரூமுக்குப் போய் பிரேக்கை விடுங்குது. ரூமே இல்லியே! ஹெல்ப்லைன்ல உங்க நம்பரைக் குடுத்தாங்க."

நீரஜாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, லேப்டாப்பை மடியில் திறந்தாள். சாப்பிடக் கிளம்பிய நேரம். இனி சாப்பாடு எங்கே?

பக்கத்தில் நின்ற மேலாளர் ஸ்ரீரங்கன், தான் இருப்பதைச் சொல்லிவிடாதே என்று உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டினார்.

அந்த ஆப்பில் டெக்னீஷியன்களுக்குப் பதில் சொல்வது ஓர் ஏஐ. கையேடுகளைத் தேடி எடுக்க அதனிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, மாடியில் மெஷின் ரூம் உள்ள பழைய லிஃப்டுகளுக்கு. மற்றது, மெஷின் ரூமே இல்லாத புது லிஃப்டுகளுக்கு. எந்தக் கருவியை எடுப்பது என்று, கூடவே எழுதியிருக்கும் விளக்கத்தைப் படித்துத்தான் அது முடிவு செய்யும். முதலாவதில் 'லிஃப்ட் கையேடுகளைத் தேடும்' என்று இருந்தது. மற்றதில் 'லிஃப்ட் ஆவணங்களைத் தேடும்' என்று இருந்தது. கையேடு கேட்ட பொன்ராஜுக்கு முதலாவதை எடுத்து நீட்டிவிட்டது.

நீரஜா போனைக் கையால் பொத்தினாள்.

"அந்த விளக்கத்தை நான் விவரமா எழுதித் தந்தேனே சார். நீங்கதான் ஒரு வரி போதும்னு வெட்டிட்டீங்க. திருத்தலாம்னு கேட்டா அதுக்கும் அனுமதி தரலை."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா. இப்போதைக்கு நீயே அந்தக் கையேட்டைத் திறந்து படிச்சுச் சொல்லிடேன்!"

முயன்று பார்த்தாள். ஒற்றைக் கோடு சிக்னலில் அத்தனை பெரிய கோப்பு இறங்குவதாயில்லை. நாலு வரி எழுத்து வேண்டுமானால் போகும்.

"மேடம், ஏழாவது மாடிக்கு வந்துட்டேன். உள்ள ஒரு சார் கதவைத் தட்டிக்கினே கீறாரு. உங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குது," என்ற நீரஜா, நிமிர்ந்து ஸ்ரீரங்கனை ஒரு முறை முறைத்துவிட்டு, முதல் கருவிக்கான விளக்கத்தை மடமடவென்று அடிக்க ஆரம்பித்தாள்.

'மாடியில் மெஷின் ரூம் உள்ள லிஃப்டுகளுக்கு மட்டும். மெஷின் ரூம் இல்லையென்றால் இதை எடுக்காதே.'

அடுத்ததற்கு: 'மெஷின் ரூம் இல்லாத லிஃப்டுகளுக்கு. உள்ளே மாட்டியவர்களை இறக்கும் முறையும் இதில் உண்டு.'

கொஞ்சம் யோசித்து, இரண்டிலும் இன்னொரு வரி சேர்த்தாள். 'எந்த வகை லிஃப்ட் என்று தெரியாவிட்டால் ஊகிக்காதே. மெஷின் ரூம் இருக்கிறதா என்று டெக்னீஷியனிடம் முதலில் கேள்.'

"சார், அனுமதி."

ஒவ்வொரு மீட்டிங்கிலும் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வந்த ஸ்ரீரங்கன், படித்துக்கூடப் பார்க்காமல் தன் போனில் 'சரி'யை அமுக்கினார். நெற்றி வியர்வை திரையில் சொட்டியது.

"மேடம், அந்த சார் தட்டறதை நிறுத்திட்டாரு. மயக்கம் கியக்கம் போட்டுட்டாரா?"

"அதெல்லாம் இருக்காது. நீங்க ஆப்புல மறுபடி கேளுங்க."

"கேக்கறேன்... 'மெஷின் ரூம் கீதா'ன்னு நம்மளையே கேக்குது மேடம்! இல்லைன்னுட்டேன்... வந்துடுச்சு! கடைசி மாடிக் கதவோரமா ஒரு பெட்டியாம். இதோ கீது! சாவி போட்டுத் தொறந்து, பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கணுமாம்."

"புடிங்க, புடிங்க!"

நீரஜா லேப்டாப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்குது மேடம்! எறங்குது!"

"தெரியுது பொன்ராஜ்!" நீரஜா வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்ரீரங்கன் கண்ணை மூடி, கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆறாவது மாடியில வந்து நின்னுடுச்சு. ஓடறேன். லைன்லயே இருங்க."

தடதடவென்று படியிறங்கும் சத்தம். சாவி திரும்பும் சத்தம்.

"தொறந்துட்டேன் மேடம்! உள்ள ரெண்டு பேரும் பத்திரமா..."

அந்தக் குரல் நீரஜாவின் போனிலும், அவளுக்கு நேர் எதிரிலும் ஒன்றாகக் கேட்டது.

"பத்திரமாத்தான் இருக்கோம் பொன்ராஜ்," என்றபடி லேப்டாப்பை மூடிக்கொண்டு, லிஃப்டின் தரையிலிருந்து எழுந்தாள் நீரஜா.