நெட்டில் எடுத்த பவளம்

“ஏக்கா, நெட்டுல கெடக்கற போட்டோவ நம்ம ஊட்டுப் பவளம்னு மாமாவுக்கு அனுப்பறியே, இது அடுக்குமா?”

தங்கச்சி தமிழினி கேட்டதும் சௌந்திரத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பச்சையாய் மினுமினுத்த ஒரு பவளத்தைத் தேடிப் பிடித்துக் கணவனுக்கு அனுப்பிவிட்டுத்தான் போனைக் கீழே வைத்தாள்.

“வேற என்ன பண்ணச் சொல்ற? செத்துப்போச்சுன்னு சொல்லட்டுமா?”

கடலுக்குள் உயிரோடு வளர்கிற அந்தப் பவளம், மகன் தர்ஷன் வீட்டில் வளர்த்தது. கடல் தண்ணித் தொட்டி, நீல லைட்டு என்று அவன் பண்ணாத அலும்பு இல்லை. போன வைகாசியில் மோகனூர் ஆற்றுக்குக் குளிக்கப் போனவன், பிணமாய்த்தான் வீடு வந்தான். பாயில் விழுந்த சௌந்திரம் எழவே இல்லை.

காரியம் முடிந்து, போர் போடுகிற ரிக் வண்டியில் சத்தீஸ்கருக்குக் கிளம்பிய கணவன் குணசீலன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“பையனோட பவளத்தப் பாத்துக்க புள்ள. தெனமும் காலையில ஒரு போட்டோ அனுப்பிரு.”

மறுநாள் எழுந்துபோய் மகனின் அறையைத் திறந்தால், பவளம் சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தது. ஒரு நாள்கூட வைத்துக் காப்பாற்றத் துப்பில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதிலிருந்து தினமும் காலையில் எழுவதும், உயிர் வந்திருக்குமா என்று போய்ப் பார்ப்பதும், பிறகு நெட்டில் தேடுவதும்தான் அவள் பிழைப்பு.

“நெட்டுல இருக்கறது பளபளன்னு மின்னுது. நம்முளது உசுரோட இருந்தப்பவே அழுக்குப் பச்சைதான். மாமாவுக்குத் தெரியாதா?”

“அந்த லைட்டுல போட்டோ எடுத்தா எந்தப் பவளமும் நெச நெறத்துல தெரியாதுன்னு தர்ஷனே சொல்லுவான். அப்படித்தான்னு நெனச்சுக்குவாரு.”

போன் அடித்தது. குணசீலன்தான்.

“போட்டோ பாத்தேன் புள்ள, நல்லாருக்குது. வெள்ளிக்கிழமை ஊருக்கு வாரேன்.”

வந்தால் தொட்டியைப் பார்ப்பாரே! இனி எங்கே மறைப்பது? சௌந்திரம் ஓவென்று அழுதுவிட்டாள்.

“ஏனுங்க, அதையும் சாவக் குடுத்துட்டனுங்க! நீங்க போன மறுநாளே செத்துப்போச்சுங்க. நான் அனுப்பினது அத்தனையும் பொய்ப் போட்டோங்க!”

ரிக் வண்டி இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து குணசீலன் பேசினான்.

“நீ சாவக் குடுக்கல புள்ள. நான் வண்டி ஏறறதுக்கு முந்தியே அது வெளுத்துத்தான் கெடந்துச்சு. தெரிஞ்சுதான் போட்டோ கேட்டேன். கேக்கலீனா, நீ பாய விட்டு எந்திரிச்சே இருக்கமாட்டே.”