மூன்று கிண்ணம் மாவு

மாவு ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்கு அகச்சிவப்பு ஒளியில் ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. ஓர் இளைஞனும் ஒரு பெரியவருமாக இரண்டு விற்பனையாளர்கள் தங்கள் கருவிகளோடு வந்திருந்தார்கள். ஆய்வாளர் அம்மா மூன்று கிண்ணங்களில் மாவை நீட்டினார்.

இளைஞனின் கருவி பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு சதவீதம் என்று காட்டியது. பெரியவரின் கருவி மூன்றுக்கும் பன்னிரண்டே காட்டியது.

“என்ன அண்ணே, உங்க மிஷின் தூங்கிடுச்சா?” என்று சிரித்தான் இளைஞன்.

பெரியவருக்கு வியர்த்தது. இந்த மாதம் அவர் ஒன்றுகூட விற்கவில்லை.

“பெரியவரோடதையே எடுத்துக்கறேன்,” என்றார் ஆய்வாளர்.

“மேடம்! அதுக்கு வித்தியாசமே தெரியலையே!”

“இருந்தாத்தானே தெரியும்? மூணும் ஒரே மூட்டையில நான் நல்லா கலந்து எடுத்த மாவு. அடுப்புல உலர்த்திப் பாத்தப்பவும் பன்னெண்டுதான் வந்துச்சு. உங்க மிஷினுக்குக் கற்பனை ஜாஸ்தி, தம்பி!”