தானாக நகரும் அம்பு

பாருங்கள் மக்களே, மௌஸை யாரும் தொடவில்லை; உச்சிவெயில் கூசும் திரையில் அம்பு தானாக நகர்கிறது. வைரஸை நீக்கித் தருகிறேன் என்று போனில் பேசுகிறவன் சொன்னதையெல்லாம் செய்து, வீட்டுக் கம்ப்யூட்டரை அவன் கைக்கே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் ததேயுஸ். ஊரில் எல்லாருக்கும் விசாவுக்கு எழுதிக் கொடுக்கிறவர் அவர். அம்பு ஒவ்வொரு கோப்பாக மோந்து பார்த்து, வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போன நாற்பத்தொரு பேரின் பாஸ்போர்ட் நகல்கள் இருக்கும் இடத்தில் நின்று அதைத் திறக்கிறது. அடுக்களையிலிருந்து வந்த மனைவி விக்டோரியாவின் கையில் மீன் செதில். “வைரஸ் எடுக்க வந்தவன் அத எதுக்குத் தொறக்கான்?” “நீ போய் மீனக் கழுவுட்டி. அவன் படிச்ச பய.” அவள் சுவரிலிருந்து வயரைப் பிடுங்குகிறாள். திரை கறுக்கிறது. இதுவரை ‘சார், சார்’ என்று குழைந்த குரல், “ஆன் பண்ணுடா கிழவா!” என்று போனில் சீறுகிறது. “நேர்ல வாலே, ஆன் பண்ணித் தாறேன்!” என்று கத்தி, போனை அணைக்கிறாள். “எத்தன பேருக்க பாஸ்போர்ட்ட எடுத்திருப்பான்?” என்று கேட்டபடி விக்டோரியா கொடியில் கிடக்கும் சட்டையை உருவி அவர் மடியில் எறிகிறாள். “நாப்பத்தொரு வீட்டுலயும் ஏறிச் சொல்லும். மொதல்ல, மவன வளைகுடாவுக்கு அனுப்பின மேரி வீடு. அவ செருப்பால அடிச்சாலும் நின்னு வாங்கும்.”