நாலு தந்திக் கிதார்

திருமலைச்சாமி கிதாரைத் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்ன பாய், தலைகீழாச் செஞ்சு வச்சிருக்கீங்க? தடிச்ச தந்தி கீழ கெடக்கு, திருகு மேல கெடக்கு. நொட்டாங்கைக்காரனுக்கா செஞ்சீங்க?"

கூட வந்த பேண்டுக்காரர்களுக்கும் வாயெல்லாம் பல்.

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற மரியம் பீவிக்குப் பகீரென்றது.

ஜலாலுதீனின் ரேடியோ ரிப்பேர் கடைக்குப் பின்கட்டுதான் வீடு. போன வருஷம் பழனியிலிருந்து வாழ்க்கைப்பட்டு மலையேறி வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து கொடைக்கானலை அவள் பார்ப்பதெல்லாம் அந்தத் திரைச்சீலையின் ஓரமாகத்தான்.

இந்த சீசனுக்கு ஓட்டல்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள், பேஸ் கிதார் இல்லாத பேண்டு வேண்டாம் என்று. அடிவயிற்றிலிருந்து பேசுகிற அந்தக் கிதாரை இங்கே யார் கண்டார்கள்? ஏதோ ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் வந்த படத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, "சாமான் முதல்ல வரட்டும் பாய், வாசிக்க ஆளை அப்புறம் பிடிச்சுக்கலாம்" என்று திருமலைச்சாமி கொடுத்துவிட்டுப் போனான்.

ஜலாலுதீன் செய்தார். எதை வைத்து என்று கேட்காதீர்கள். உடம்பு, ஒரு பழைய அலமாரிக் கதவு. தண்டு, ஏதோ பங்களாவில் கழித்துப் போட்ட ஈட்டிமரக் கட்டிலின் சட்டம். தந்திகள், கரையான் தின்ற பியானோவின் வயிற்றிலிருந்து உருவியவை. தந்தி படுக்கிற பாலம் ஒரு கதவுக் கீல். தோள்வார், பழனி பஸ் கண்டக்டர் தூக்கிப்போட்ட பையினுடையது. முறுக்காணி நாலும் நாலு ஜாதி.

ஒலியைப் பிடிக்கிற சுருள் மட்டும் மரியம் பீவியின் கைவேலை. டெலிபோனிலிருந்து எடுத்த காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைத் தன் தையல் மெஷினில் மாட்டி, அறுந்துவிடாமல் சுற்றியிருந்தாள். சுற்றி முடிப்பதற்குள் கண் பூத்துப் போயிற்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தக் கிதாரைவிட அழகான பொருள் இந்த மலைமேல் கிடையாது என்றே அவள் நினைத்திருந்தாள்.

அதைப் பார்த்துத்தான் இவன்கள் சிரிக்கிறான்கள்.

எங்கே பிசகியது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. படத்தைப் பெரிதாக எண்ணெய்த் தாளில் வரைந்தவர், பலகைமேல் வைக்கும்போது தாளைத் திருப்பிப் போட்டார். அவள் பார்த்தாள். அவருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டாள். ஐயோ, அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாமே! இனிமேல் கடைத்தெரு பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"தந்தியையாவது மாத்திக் கட்டுங்க பாய், வெரசா. சாயங்காலம் ஓட்டல்ல வாசிச்சுக் காட்டணும்."

"மாத்தக் கூடாது" என்றார் ஜலாலுதீன்.

அவ்வளவுதான் சொன்னார். மனுஷர் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. அவளுக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

போதாக்குறைக்கு வாசல் பெஞ்சில் அந்த ஞானவேல் வேறு. அவருக்குப் பழைய சிநேகிதன். முன்னே இதே பேண்டில் கிதார் வாசித்தவனாம், மரம் அறுக்கிற வேலைக்குப் போனதோடு விட்டுவிட்டானாம். தினமும் வந்து, ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, இன்னொரு கையால் அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போவான். ஒரு நாள் ஒரு கும்பிடு கிடையாது. ஜமீன்தார் மாதிரி தலையை மட்டும் ஆட்டுவான். குளிருக்குப் பையில் கை விடாதவன் இந்த ஊரில் யார்? அதற்காக ஒரு வணக்கத்துக்குக்கூடவா வெளியே வராது? திமிர் பிடித்தவன் என்று அவள் முடிவு கட்டி வெகு நாளாயிற்று.

ஜலாலுதீன் கிதாரைத் திருமலைச்சாமியின் தோளிலிருந்து கழற்றினார். நேரே பெஞ்சுக்குப் போய், தண்டு வலது பக்கம் வரும்படி ஞானவேலுக்கு மாட்டிவிட்டார்.

"ஏலே, எந்திரி. கைய வெளிய எடு."

ஞானவேல் மாட்டேன் என்று தலையாட்டினான். கடைக்குள் சிரிப்பு பட்டென்று நின்றுவிட்டது. ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜலாலுதீன் நகராமல் நிற்கவே, அவன் எழுந்தான். பைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது.

ரம்பம் அதில் கட்டை விரலை மட்டும்தான் விட்டு வைத்திருந்தது.

"தந்தி நாலுதான்ல. தட்டுறதுக்கு ஒத்த விரல் போதும். அமுக்கிப் பிடிக்கத்தான் சோத்தாங்கை முழுசாக் கெடக்கே" என்றார் ஜலாலுதீன்.

ஞானவேல் கட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். கிதாரின் ஒயர் செருகியிருந்த மேஜைமேல் ரேடியோப் பெட்டி 'தொம்' என்றது. மரியம் பீவியின் உள்ளங்காலில் தரைப்பலகை அதிர்ந்தது. வலது கை தடுமாறித் தடுமாறி அடுத்த இடத்தைத் தேடியது, கண்டுபிடித்தது, அதற்கடுத்ததையும் கண்டுபிடித்தது. அப்புறம் அவன் நிறுத்தவே இல்லை.

திருமலைச்சாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"சாயங்காலம் நல்ல கோட்டாப் போட்டுட்டு வந்துருடா" என்றான். பிறகு ஜலாலுதீன் பக்கம் திரும்பி, "என்னா கனமான சத்தம்! அந்தச் சுருளை எங்க பாய் வாங்குனீங்க?"

ஜலாலுதீன் வாயைத் திறப்பதற்குள் திரைச்சீலை முழுசாக விலகியது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து நின்றாள் மரியம் பீவி.

"வாங்கலைங்க. நான் சுத்துனது."

ஞானவேல் கிதாரை அப்படியே தோள்வாரில் தொங்க விட்டான். அவளைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.