அடுத்த வரி

“அக்கா, உங்க தொண்டைக்கு மைக்கே வேண்டாம். இதுல எழுதியிருக்கிறதை மட்டும் கத்துங்க, கூட்டம் பின்னாடி சொல்லும்” என்று காகிதத்தை நீட்டினார் கட்சிச் செயலாளர்.

சந்தையில் மூட்டை தூக்கும் அக்கா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “அது இருக்கட்டும் தம்பி, சந்தையில எங்களுக்கு ஒரு கழிப்பறை கேட்டோமே? அது இல்லாததால காலையில இருந்து ஒருத்தியும் வாயில தண்ணி ஊத்துறதில்ல.”

“பெண்மையே நாட்டின் பெருமை! அதுதானக்கா நம்ம கொள்கை.”

“இதையேதான் போன வருஷமும் சொன்னீங்க.”

“எதிர்க்கட்சிக்காரங்க மட்டும் என்னத்தைக் கிழிச்சாங்க? எதிரியை வீழ்த்துவோம், ஏற்றம் காண்போம்! ஏறுங்க, தலைவர் வந்துட்டாரு.”

அக்கா மேடையாக நிறுத்தியிருந்த லாரியில் ஏறினாள். இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

“சந்தையிலே பெண்களுக்குக் கழிப்பறை!”

“வேண்டும்! வேண்டும்!” என்றது கூட்டம்.

“தண்ணீர்க் குழாயோடு, தாழ்ப்பாளோடு!”

“வேண்டும்! வேண்டும்!”

எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் பக்கத்தில் நின்ற தலைவர்தான். பழக்கத்தில் அவர் கை தானாக உயர்ந்துவிட்டது.

செயலாளர் பாய்ந்து வந்து காகிதத்தைப் பிடுங்கினார். அது அவர் கொடுத்ததல்ல. சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் கைநாட்டு வைத்த மனு.

“அக்கா, என்ன இது?”

“இன்னும் ஒரு வரி பாக்கி தம்பி” என்றவள் மைக்கைத் தலைவர் பக்கம் திருப்பினாள். “எந்தத் தேதியில?”

இதற்கு என்ன கத்துவதென்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள்.

“யோசிச்சே சொல்லுங்க ஐயா. நான் மூட்டை தூக்குறவ, எவ்வளவு நேரமானாலும் நிப்பேன்.”