மாற்றுப் பொத்தான்

சிஹாரு மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அராகி இந்த முறையும் அழுத்தவில்லை.

உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் சேர்ந்து அழுத்தினால்தான் ஆள் மாறும். ஜோடிப் போட்டியின் விதி அது. இரண்டு வீடியோ கேம் கம்பெனிகளின் பழைய சண்டை வீரர்களை ஒரே திரையில் மோதவிடும் விளையாட்டு. ஜோடியில் ஆளுக்கொரு வீரர். ஒருவர் சண்டை போடும்போது மற்றவர் வெளியே நின்று இழந்த ரத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம். இருவரில் யார் விழுந்தாலும் ஜோடியே தோற்றது.

அராகியின் தீக்கை இளைஞன், கையில் நெருப்பு எரிய, உள்ளே குதித்துக்கொண்டிருந்தான். சிஹாருவின் பிக்குணி, இரும்பு விசிறியோடு, திரையின் ஓரத்தில் நின்றாள். காலையிலிருந்து நிற்கிறாள். அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"நம்ம பாப்பா அராகி தோள்ல ஏறி உக்காந்தே ஃபைனலுக்கு வந்துடுச்சுப்பா!" என்றான் ஒலிபெருக்கிக்காரன்.

கொகுரா நகரக் கடைத்தெரு மாடியில் இருந்த அந்த விளையாட்டுக் கூடம் மொத்தமும் சிரித்தது. அராகியும் சிரித்தான்.

பாப்பாவாம். இருபத்தாறு வயது. கோழி வறுக்கும் கடையில் பகல் முழுக்க நின்று, மணிக்கட்டெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்போடு, வேலை முடிந்த கையோடு இங்கே வந்து பழகியவள். இந்தக் கூடத்து ஆண்களை வரிசையாக உட்காரவைத்து அடித்தவள். தோற்றவர்கள் இன்றைக்குக் கை சரியில்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்கள் கை என்றைக்குமே சரியாக இருந்ததில்லை.

அராகியின் பழைய கூட்டாளி நகோயாவுக்கு மாற்றலாகிப் போனதும் அவன் இவளிடம் வந்தான். "நீ பேரு மட்டும் குடு. மத்ததை நான் பாத்துக்குறேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். நிஜமாகவே சொல்லியிருக்கிறான் என்பது இன்று காலைதான் புரிந்தது.

அவளுக்குக் கோப்பை வேண்டாம். ஜெயித்தால் கிடைக்கும் டோக்கியோ இறுதிச் சுற்றும் வேண்டாம். இத்தனை பேர் பார்க்க ஒரே ஒரு சுற்று ஆட வேண்டும். அவ்வளவுதான்.

மறுபடி அழுத்தினாள்.

"சும்மா சும்மா அழுத்தாதே, கவனம் கெடுது" என்றான் அராகி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிராளிகள் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இயந்திரங்கள், முகம் தெரியாது. ஓயிதாவிலிருந்து வந்த ஜோடி என்று மட்டும் கேள்வி. ஆளை மாற்றி மாற்றி ஆடினார்கள். கொடுத்துவைத்தவர்கள்.

கடைசிச் சுற்று. தீக்கை இளைஞனின் மிச்ச ரத்தத்தைக் காட்டும் கோடு நூலாகிவிட்டது.

அராகியின் முழங்கை அவள் விலாவில் இடித்தது. "வா! இப்ப உள்ள வா! எதையும் அடிக்கப் போகாதே, தடுத்துக்கிட்டே நில்லு. ரத்தம் ஏறுனதும் நான் வந்துர்றேன்!"

அவன் பொத்தானை அழுத்திவிட்டான். இன்றைக்கு முதல் தடவையாக. திரையில் பிக்குணியின் தலைக்கு மேல், உள்ளே இருப்பவர் கூப்பிட்டால் மட்டும் எரியும் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அவள் அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

சிஹாரு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இங்கே யாரும் அதைச் செய்வதில்லை. எவ்வளவு கேவலமாகத் தோற்றாலும் கடைசி அடிவரை ஆடிவிட்டுத்தான் எழ வேண்டும். நடுவில் கைவிடுவது முகத்தில் துப்புவதற்குச் சமம்.

துப்பினாள். அராகியின் முகத்தில், நிதானமாக.

"அழுத்து! அழுத்துடீ! செவிடா நீ?"

மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு குத்து. ஒரு உதை. தீக்கை இளைஞன் மல்லாந்து விழுந்தான்.

"அய்யய்யோ, பாப்பா பதறிப்போச்சு!" என்றது ஒலிபெருக்கி. அராகி காபி டின்னைத் தரையில் அடித்துவிட்டு எழுந்து போனான்.

சிஹாருவுக்கு வயிறு குளிர்ந்தது. சொல்லட்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

அப்போதுதான் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் துண்டு, கேஸ் சிலிண்டர் போடுகிறவரின் சீருடை. ஜெயித்தவர்கள் இந்தப் பக்கம் வருவது வழக்கமில்லை. அவர் அராகியைத் தேடவுமில்லை.

"நீங்கதானே பிக்குணி?"

தலையசைத்தாள். அவர் குரலில் கோபம் இருந்தது.

"அராகிய எப்படி அடிக்கணும்னு ஊருக்கே தெரியும். அவரைப் பத்தி நாங்க பேசக்கூட இல்லீங்க. இந்தக் கடை போடுற வீடியோவுல உங்க ஆட்டத்தைப் பாத்துட்டு, நானும் என் வீட்டுக்காரியும் கோடை பூரா உங்களைத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். அவ உங்களை மாதிரியே ஆடிக் காட்டுவா, நான் அடி வாங்குவேன். உங்களோட மோதத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "விளக்கு எரிஞ்சுதே. எங்க திரையிலயும்தான் எரிஞ்சுது. எங்களோட ஆட இஷ்டம் இல்லேன்னா வாசல்லயே சொல்லியிருக்கலாமே."

குனிந்து வணங்காமல் திரும்பிப் போனார்.

சிஹாரு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

ஜெயித்த ஜோடியைக் கோப்பை வாங்க வரச்சொல்லி ஒலிபெருக்கி மறுபடியும் கூப்பிட்டது. இயந்திரங்களின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அந்தப் பக்க நாற்காலியில், கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பெண் இன்னும் எழுந்திருக்கவில்லை. விசைத்தடியிலிருந்து கையை எடுக்காமல், முடிந்துபோன ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.